ரிவர்கேட் இல்லாத பட்டியல்

நவம்பர் 14

ஹார்லன்,

உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், முதல் நாலு மாதத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்று அம்மா சொன்னாள். போதை மீட்பு இல்லத்தின் விதி அதுதான் என்றால் சரி, எழுதுகிறேன். பரீட்சைத் தாளுக்கு வெளியே நான் பேனா பிடித்து வெகுநாளாயிற்று. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ அங்கே போனதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீதிபதி அனுப்பவில்லை, அம்மா அழுது அனுப்பவில்லை. நீயாகப் போய்க் கதவைத் தட்டினாய். நம் ஊர் பிளாக் ஃபோர்க்கில் அப்படிச் செய்த இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது.

இனி என் சமாசாரம். மே மாதம் பட்டம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், மருந்தியல் டாக்டர். ஆனால் வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனை வேலைக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு வருஷம் ரெசிடென்சி பயிற்சி முடித்திருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்குச் சங்கிலிக் கடைகள் இருக்கின்றன. காரில் வந்து ஜன்னல் வழியாக மருந்து வாங்கிப் போகிறார்களே, அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஆயுள் முழுக்க நிற்கலாம். பதினெட்டு வயதிலிருந்து உதவியாளாக அங்கேதான் நிற்கிறேன், அதைக் கேவலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவர் அளவைத் தப்பாக எழுதும்போது, அது நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன்னால் தடுக்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். அந்த இடம் வார்டுக்குள் இருக்கிறது.

இடங்களைவிட ஆட்கள் அதிகம். மதிப்பெண் பார்க்கிறார்கள், அது என்னிடம் இருக்கிறது. பிறகு மூன்று பேரின் பரிந்துரை, ஆராய்ச்சி, எந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தாய் என்ற கேள்வி. என் வகுப்பில் பிளேய்ன் என்று ஒருவன். அவன் அப்பா ஒரு பெரிய மருத்துவமனையில் துறைத் தலைவர். பிளேய்ன் மூன்று சங்கங்களுக்குத் தலைவன். அந்தச் சங்கங்கள் கூடுவது மாலை ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு நான் கடையில் நிற்கிறேன். நான் சம்பாதித்துப் படித்தேன் என்பதை எழுத அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் விட்கோம்ப், "அட்டை மாதிரி வறட்சியா இருக்கு, ட்ரெஸ்ஸா. உன்கிட்ட மட்டும் இருக்கற ஒண்ணு என்ன? அதக் கொண்டா," என்றார்.

யோசிக்கிறேன். நன்றாகச் சாப்பிடு.

ட்ரெஸ்ஸா

*

நவம்பர் 29

சிஸ்,

எனக்கு ஒன்ன மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன், படிச்சுக்கோ.

இங்க விடியறதுக்கு முன்ன எழுப்பிடறாங்க. மொதக் கட்டத்துல இருக்கறவன் எங்கயும் தனியாப் போகக் கூடாது, குளிக்கப் போனாக்கூட ஒருத்தன் வெளிய நிப்பான். ரெண்டாங் கட்டத்துக்குப் போனா போன் கெடைக்கும், அப்பறம் லீவும் கெடைக்கும். என்னைச் சமையக்கட்டுல போட்டிருக்காங்க. பீன்ஸ் வேகவைக்கறேன், சோள ரொட்டி சுடறேன். மொத நாள் அடிப்பிடிச்சுப் போச்சு. ஒருத்தனும் மிச்சம் வெக்கல. பாவம், எல்லாரும் என்னைவிடப் பசிச்சவங்க.

என் ரூம்ல டூலின்னு ஒருத்தர், லாரி ஓட்டினவரு. ஒன் கடுதாசிய அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "தங்கச்சி டாக்டரா? அப்ப என் மூட்டு வலியப் பாப்பாளா?"ன்னாரு. "அவ மூட்டப் பாக்கற டாக்டர் இல்லய்யா. மூட்டப் பாக்கற டாக்டர் தப்புப் பண்ணாமப் பாத்துக்கற டாக்டர்"னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அப்ப அவதான் பெரிய டாக்டர்"னுட்டாரு. இப்ப சாப்பாட்டுக் கூடம் பூரா அதே பேச்சு. எனக்குத் தட்டு கழுவற மொறை வந்தா, "டாக்டரோட அண்ணன் கழுவக் கூடாதுப்பா"ன்னு கிண்டல் பண்றானுங்க. பண்ணட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு.

பிளேய்ன் மூணு சங்கத்துக்கு இல்ல, முப்பது சங்கத்துக்குத் தலைவனா இருக்கட்டும். வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒங்கடையில வரிச நின்னு கத்தறப்ப அவன ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லு. அழுதுட்டு அப்பாவுக்குப் போன் போடுவான்.

ஒங்கிட்ட மட்டும் இருக்கறது என்னன்னா கேட்டாரு? பிடிவாதம். எழுது.

ஹார்லன்

*

ஜனவரி 5

ஹார்லன்,

விண்ணப்பங்கள் போய்விட்டன. ஆறு இடம். எனக்கு முதல் ஆசை ஒஹையோவில் ரிவர்கேட் மருத்துவமனை. அங்கே பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுக்க நாலு மருத்துவமனைகள் போட்டி போடுமாம்.

டிசம்பரில் மாநாட்டுக்குப் போயிருந்தேன். விமானக் கொட்டகை அளவுக்கு ஒரு கூடம். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாட்டிலுள்ள மருந்தியல் மாணவர்கள் எல்லோரும் கறுப்பு உடுப்பில், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல், ஒவ்வொரு மேஜை முன்னாலும் வரிசையில். என் உடுப்பு பழைய துணிக் கடையில் வாங்கியது. தோள் மட்டும் கொஞ்சம் பெரிது. ரிவர்கேட் மேஜையில் ஒரு பெண் என்னிடம், "எதுக்குத் தலைமை தாங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள். "சனிக்கிழமை ஷிப்டுக்கு," என்றேன். சிரித்தாள். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு விடுதி அறையில் விருப்பக் கடிதத்தைத் திரும்ப எழுதினேன். அது விண்ணப்பத்தோடு போகிற ஒரு பக்கக் கட்டுரை, நான் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்வது. உன்னைப் பற்றி எழுதினேன். குளியலறைத் தரை, உன் உதடு நீலமானது, நான் மண்டியிட்டு போதையை முறிக்கிற நலாக்சோன் மருந்தை உன் மூக்கில் அடித்தது, நீ மூச்சு இழுத்தது. விட்கோம்ப் படித்துவிட்டு, "இதப் படிச்சிட்டு ஒருத்தராலயும் உன் கோப்பத் தூக்கி ஓரமா வைக்க முடியாது," என்றார்.

பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் உன்னைக் கேட்டிருக்கலாம். கெடு நெருங்கிவிட்டது, கடிதம் போய்வர நாளாகும். படித்துவிட்டு எழுது.

ட்ரெஸ்ஸா

*

ஜனவரி 16

ட்ரெஸ்ஸா,

படிச்சேன். நல்லா எழுதியிருக்க. அதான் கோவமே.

நான் நனைஞ்ச பேன்ட்டோட கெடந்தத எழுதியிருக்க. சரி, கெடந்தேன். அதுக்கு முன்ன நான் யாருன்னு ஒரு வரி இருக்கா? நான் சுரங்கத்துல கூரைக்குக் கம்பி அடிச்சவன். மேல மலை நிக்கும், கீழ நாங்க நிப்போம், நடுவுல நான் அடிச்ச கம்பி நிக்கும். கல்லு விழுந்து முதுகு போச்சு. கம்பெனி டாக்டர் வலி மாத்திரை எழுதினாரு. நம்ம ஊரு மருந்துக்கடையில வெள்ளக் கோட்டு போட்டவங்க அத எண்ணி, புட்டியில போட்டு, லேபிள் ஒட்டி, சிரிச்ச மொகத்தோட குடுத்தாங்க. மாசாமாசம். கூடக் கூட எழுதினாரு, கூடக் கூடக் குடுத்தாங்க. ஏம்ப்பா இவ்வளவுன்னு ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. டாக்டரு சீட்ட நிறுத்தினப்பறம்தான் நான் தெருவுல விக்கறத வாங்கப் போனேன்.

ஒன் கட்டுரையில நான் என்னமோ ஆகாசத்துலேருந்து நேரா அந்தத் தரையில வந்து விழுந்த மாதிரி இருக்கு. அந்தக் கடைய ஏன் விட்ட? நான் சொல்லட்டா? ஒன் கட்டுரையப் படிக்கப் போறவங்க பூரா வெள்ளக் கோட்டு. அவங்க மொகம் சுளிச்சா ஒனக்கு எடம் கெடைக்காது. என்னைத் தரையில போட்டுட்டு அவங்களக் காப்பாத்திட்ட.

டூலி படிச்சுக் காட்டச் சொன்னாரு. இது சொந்த விசயம்னுட்டேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதாத.

ஹார்லன்

*

பிப்ரவரி 2

ஹார்லன்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

தரையில் கிடந்தது நீ. மண்டியிட்டது நான். அந்தக் குளியலறை எனக்கும் சொந்தம். நீ கண்ணை மூடியிருந்தாய், உனக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கு அந்தத் தரையின் ஒவ்வொரு ஓடும் ஞாபகம் இருக்கிறது. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு மறுநாள் வேதியியல் பரீட்சை எழுதினேன். அதை வைத்து நான் ஒரு பக்கம் எழுதக் கூடாதா? வேறு எதை வைத்து எழுத? பிளேய்னுக்கு அவன் அப்பா இருக்கிறார். எனக்கு நீ இருக்கிறாய். அவன் அவனுடைய குடும்பத்தைப் பயன்படுத்துகிறான், அதற்குப் பெயர் தொடர்பு. நான் பயன்படுத்தினால் அதற்குப் பெயர் துரோகமா?

கடையைப் பற்றி நீ சொன்னது சரி. அதில் எனக்கு வாதம் இல்லை. முதலில் எழுதியிருந்தேன். "படிக்கறவங்களக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாத," என்று விட்கோம்ப் சொன்னார். சொன்னது அவர், அந்த வரிகளை அடித்து நீக்கியது நான்.

ஆறில் நாலு இடம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரிவர்கேட்டும் கூப்பிட்டிருக்கிறது. நீ கோபமாகவே இரு. நான் கிளம்புகிறேன்.

ட்ரெஸ்ஸா

*

பிப்ரவரி 20

ஹார்லன்,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. ரிவர்கேட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அம்மாவிடம் சொன்னால் அவள் காரை எடுத்துக்கொண்டு ஒஹையோவுக்குப் போய்ச் சண்டை போடுவாள்.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. காலையில் எனக்கு ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்து மருந்துகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சிறுநீரகம் பழுதான ஒரு கிழவர். அவருக்கு எழுதியிருந்த கிருமிக்கொல்லியின் அளவு அதிகம். சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தேன்.

பிறகு மதியச் சாப்பாடு. இப்போது அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி இயக்குநர் ஹால்வர்சன் என்பவர் வந்து என் தோளில் கை வைத்து, "உங்க கட்டுரை எங்க எல்லாரையும் அழ வச்சிடுச்சு. இவங்களுக்கும் சொல்லுங்களேன்," என்றார். கோழி சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். முடித்ததும் ஒருத்தி மெதுவாக, "எப்ப போனாரு?" என்று கேட்டாள்.

"எங்க?"

"இல்ல, உங்க அண்ணன்..."

"பீன்ஸ் வேகவச்சிட்டிருப்பான் இந்நேரம்," என்றேன்.

"ஓ," என்றாள். அந்த "ஓ"வை நீ கேட்டிருக்க வேண்டும். நீ உயிரோடிருப்பதில் அவளுக்குக் கதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஹால்வர்சனுக்கு மட்டும் கண் பளிச்சென்றது. வசந்தத்தில் நன்கொடையாளர்களுக்கு விருந்து வைப்பார்களாம், அண்ணனையும் மேடையில் ஏற்றலாமே என்றார். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா அதவிடப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம்," என்றார். கடைசியாகக் கதவு வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "விதிப்படி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா முடிவு வர்ற நாள்ல நீங்க வருத்தப்பட மாட்டீங்க," என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். நாங்கள் இடங்களை விருப்பப்படி வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும். அவர்களும் எங்களை வரிசையாக எழுதுவார்கள். கணினி இரண்டையும் வைத்துப் பொருத்தும். யாரை எத்தனாவதாக எழுதினோம் என்று யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. பொருந்திவிட்டால் மறுக்க முடியாது. போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் எழுதாமல் விடலாம், அது ஒன்றுதான் எங்கள் கையில் இருப்பது. ரிவர்கேட்டை முதலில் எழுதினால் எனக்கு இடம் உறுதி என்று அந்த ஆள் சொல்லிவிட்டார்.

அது எனக்கு வேண்டும், ஹார்லன். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கை அடித்தேன். வேண்டும் என்பதால்தான் அடித்தேன். பட்டியலுக்கு மார்ச் முதல் வாரம் கெடு.

ட்ரெஸ்ஸா

*

பிப்ரவரி 26

சிஸ்,

ஒடனே எழுதறேன். கெடுவுக்கு முன்ன கெடைக்கணும்னு ஆபீஸ்ல சண்ட போட்டு இன்னிக்கே தபால்ல போடச் சொல்லியிருக்கேன்.

ரிவர்கேட்ட மொதல்ல எழுது.

நான் மேடையேறறேன். நீதிபதி முன்னாடி நின்னிருக்கேன், சர்ச்சுல பூராப் பேர் முன்னாடியும் நின்னிருக்கேன், நன்கொட குடுக்கற சீமாட்டிங்க முன்னாடி நிக்கறதுல என்ன வந்துது. கோட்டு ஒண்ணு வாங்கிக் குடு. அழச் சொன்னா அழறேன். டூலி எனக்குச் சொல்லித் தர்றேன்னாரு, அவரு நெனச்ச மாத்திரத்துல அழுவாரு.

போன கடுதாசியில நான் கத்தினதெல்லாம் வாபஸ் இல்ல. அது அப்படியே இருக்கட்டும். ஆனா ஒரு ரோசத்துக்காக நீ காலம் பூரா அந்த ஜன்னல்ல நிக்க வேண்டாம். இத்தன வருசத்துல என்னால நம்ம வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. இப்ப ஒண்ணு வந்திருக்கு. என்னைய வித்துக்கோ. நானே சொல்றேன்.

நீ எழுதாம விட்டா நான் ஒன்ன மன்னிக்க மாட்டேன்.

ஹார்லன்

*

மார்ச் 5

ஹார்லன்,

உன் கடிதம் நேரத்துக்கு வந்தது. திங்கள் முழுக்கக் கடையில் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ரிவர்கேட்டை எழுதவில்லை. மற்ற மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். கெடு முடிந்தது, இனி மாற்ற முடியாது. நீ மன்னிக்க வேண்டாம்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீதான் சரி என்று சொல்லிவிட்டாயே. எனக்காகத்தான் செய்தேன். அந்தக் கிழவரின் மருந்து அளவை நான் கண்டுபிடித்ததைப் பற்றி ஹால்வர்சன் ஒரு தடவைகூடப் பேசவில்லை, நீ கவனித்தாயா? நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். கதவு வரை வந்து குரலைத் தாழ்த்தியபோதும் அவர் என் மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போனால் வருஷம் முழுக்க நான் உன் தலைமாட்டில் மண்டியிட்ட பெண். நான் நான்கு வருஷம் படித்தது அதற்கு இல்லை.

இன்னொன்று. "என்னால் பிரயோஜனம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை அப்படி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? சுரங்கத்துச் சம்பளத்தில் என் பல்லுக்குக் கம்பி கட்டிவிட்டது யார்?

மார்ச் நடுவில் முடிவு வரும்.

ட்ரெஸ்ஸா

*

மார்ச் 15

ஹார்லன்,

இடம் கிடைக்கவில்லை.

மின்னஞ்சல் வரும்போது வகுப்பில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள். பிளேய்னுக்கு ரிவர்கேட். அவன் முகத்தைப் பார்த்தேன். நல்ல பையன்தான், கெட்டவன் இல்லை. "உனக்கு எங்க, ட்ரெஸ்ஸா?" என்று கேட்டான். "எங்கயும் இல்ல," என்றேன். கேக் வெட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

விட்கோம்ப் அறைக்குக் கூப்பிட்டார். ரிவர்கேட் பெயரைச் சொல்லி, "அவங்க உன்ன உச்சியில வச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். எப்படித் தவறிச்சு?" என்றார். நான் எழுதவில்லை என்றேன். "ஏன்?" என்றார். "அவங்களுக்கு என் அண்ணன்தான் வேணும். அவனுக்கு மருந்தியல் பட்டம் இல்ல," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நிரம்பாத இடங்களுக்கு இரண்டாம் சுற்று உண்டு. கொஞ்ச நாள்தான் இருக்கிறது. புதிதாக விருப்பக் கடிதம் வைக்கலாம்.

எனக்கு வருத்தம் இருக்கிறது. வெட்கம் இல்லை. இரண்டையும் கலக்காதே.

ட்ரெஸ்ஸா

*

மார்ச் 21

சிஸ்,

ஒன் கடுதாசியப் படிச்சிட்டு மாவு பெசையற மேஜையில ஓங்கி ஒரு குத்து விட்டேன். மாவு பூரா மூஞ்சியில. சமையக்காரரு, "யாரு செத்தா?"ன்னாரு. "யாரும் சாகல. என் தங்கச்சி ஒரு கண்ணாடி ஆஸ்பத்திரிய வேண்டாம்னுட்டா"ன்னேன். "பைத்தியமா அவ?"ன்னாரு. ஆமான்னேன். எங்க வீட்டுப் பைத்தியம்னேன்.

மன்னிக்க மாட்டேன்னு சொன்னேன்ல. மன்னிக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி கூட்டத்துல, ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நல்லது ஏதாவது ஒண்ணு சொல்லணும், நான் எந்திரிச்சு இதத்தான் சொன்னேன். பேரம் படிஞ்சுது, வெலையும் நல்ல வெலை, நானும் சம்மதிச்சுட்டேன், அவ விக்க மாட்டேன்னுட்டான்னு. இங்க இருக்கறவனுங்க பூரா ஏதோ ஒரு நாளு வீட்டுச் சாமான வித்தவனுங்க. டூலி அழுதாரு. நெஜமாவே அழுதாரு.

ரெண்டாஞ் சுத்துன்னா அவமானம்னு நெனைக்காத. இங்க நாங்க எல்லாரும் ரெண்டாங் கட்டத்துக்காகத்தான் ஏங்கிட்டுக் கெடக்கோம். நான் போன வாரம் போயிட்டேன். போன் தர்றேன்னாங்க, ஒன் வேலை முடியட்டும்னு வேண்டாம்னுட்டேன். இப்படியே நல்லாயிருக்கு.

புதுசா எழுதறப்ப என்னைப் பத்தி வேணும்னா எழுது, வேண்டாட்டி விடு. எழுதினா அந்தக் கடைய எழுது.

ஹார்லன்

*

ஏப்ரல் 11

ஹார்லன்,

கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி எங்கே என்று கேள். உட்கார்ந்துகொள். பிளாக் ஃபோர்க் மாவட்ட மருத்துவமனை. நம் ஊர். உன்னை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அதே மருத்துவமனை. இரண்டு வருஷமாகத்தான் பயிற்சி நடத்துகிறார்கள், ஒரே ஒரு இடம், முதல் சுற்றில் யாரும் எழுதவில்லை. மலைக்கு நடுவில் வந்து யார் ஒரு வருஷம் உட்காருவார்கள்?

புதிய கட்டுரையில் குளியலறை இல்லை. கடை இருக்கிறது. என் அண்ணனுடைய மாத்திரைகள் தெருவிலிருந்து வரவில்லை, என் தொழிலைச் செய்கிறவர்கள் அதை எண்ணிக் கொடுத்தார்கள், யாராவது ஒருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்திருக்கலாம், அந்த ஒருவராக இருக்க எனக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதினேன். விட்கோம்பிடம் காட்டவில்லை.

நேர்முகத் தேர்வு போனில், முகம் பார்த்து. எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. கடைக்குப் பின்னால் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்துவைத்துப் பேசினேன். இயக்குநர் பெயர் ஓபல் ராட்லிஃப். அறுபது வயதிருக்கும்.

"சங்கம் கிங்கம் ஒண்ணும் காணமே," என்றார்.

"கடையில வேலை பாத்தேன், மேடம்."

"எத்தன வருசமா?"

"பதினெட்டு வயசுலேருந்து."

"கூட்டம் கத்துமே."

"கத்தும்."

"நீ என்ன பண்ணுவ?"

"நான் கத்த மாட்டேன். சீட்டு சரியில்லைன்னா மருந்தாளுநர்கிட்ட எடுத்துட்டுப் போவேன். அவர் டாக்டருக்குப் போன் போடற வரைக்கும் அங்கேயே நிப்பேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நீ எழுதியிருக்கியே, அந்தக் கடை. இங்க வர்றதுக்கு முன்ன எனக்கு வேலை அங்கதான். எண்ணிக் குடுத்ததுல நானும் ஒருத்தி," என்றார்.

அவ்வளவுதான், இடம் போயிற்று என்று நினைத்தேன். உன்னையே நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சமாதானம் சொல்லாமல் இருந்தேன். "பரவால்ல மேடம்" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பரவாயில்லை என்பது பொய்.

அவரே பேசினார். "ஒரு நாள் நிறுத்திட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணினேன். கடைக்காரரு என்னை வேலைய விட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அதுக்கப்பறம்தான் இங்க வந்தேன். இந்தப் பயிற்சி வேணும்னு போர்டுகிட்ட வருசக்கணக்கா மன்னாடினேன்." பிறகு சட்டென்று, "சரி, சிறுநீரகம் போனவனுக்கு வலிக்கு என்ன குடுப்ப, சொல்லு," என்றார். சொன்னேன். அதையும் இதையும் கேட்டுக்கொண்டே போனார். இடைவேளை முடிந்து பின்கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, பதிலை முடித்துவிட்டுத்தான் போனேன்.

அவர் என்னை எத்தனாவதாக எழுதினார் என்று கேட்கக் கூடாது. நான் எழுதியதைச் சொல்வதில் தப்பில்லை. முதலாவதாக எழுதினேன்.

அந்த ஊரில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும். அவசரப் பிரிவில் அன்று உன்னைத் தூக்கி இறக்கியவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். என் கோட்டில் நம் குடும்பப் பெயரைத் தைத்துத் தருவார்கள். நான் அதை வெளியே தெரியாமல் மடித்துப் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

ஜூலையில் சேருகிறேன்.

ட்ரெஸ்ஸா

*

ஏப்ரல் 18

சிஸ்,

கூடத்துல சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டினேன், இந்தத் தடவ பூரா. ராட்லிஃப் அம்மா பேசறது வந்தப்ப மட்டும் கடுதாசிய நீட்டிட்டேன், டூலி வாங்கிப் படிச்சாரு. அந்தம்மா மூஞ்சி எனக்கு ஞாபகமிருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன். இல்ல. ஜன்னல்ல நிக்கற மூஞ்சிய நான் பாத்ததே இல்ல, மாத்திரப் பையத்தான் பாத்திருக்கேன். அந்தம்மாகிட்ட என்ன பேசணும்னு எனக்கு இன்னும் தெரியல. ஒனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கட்டும், அது போதும் இப்போதைக்கு.

பரவால்லன்னு சொல்லாம இருந்தியே. அதுக்கு ஒனக்கு ஒரு பட்டம் குடுக்கலாம்.

அந்த ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன்னு நான் இங்க வந்த அன்னிக்கே சொல்லியிருந்தேன். இல்லத் தலைவருகிட்டக்கூடச் சொல்லியிருந்தேன். நேத்து அவருகிட்டப் போயி, என் மொத லீவு ஜூலையில வேணும்னேன். எங்க போறன்னாரு. ஊருக்குன்னேன். யாரப் பாக்கன்னாரு. டாக்டரப் பாக்கன்னேன். ஒடம்புக்கு என்னன்னு பயந்துட்டாரு.

போன தடவ அந்த ஆஸ்பத்திரிக்குள்ள என்னைப் பின்வாசல் வழியாப் படுக்க வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. இப்ப முன்வாசல்ல நடந்து வருவேன். மேஜையில இருக்கறவகிட்ட ஒம்பேரச் சொல்லி, நான் அவ அண்ணன்னு சொல்லுவேன். அவ என்னை அடையாளம் கண்டுபிடிச்சு ஒரு மாதிரிப் பாத்தா பாக்கட்டும். ஒக்காரச் சொன்னா ஒக்காருவேன்.

நீ யாருக்காச்சும் மருந்து பாத்துட்டிருந்தா அத விட்டுட்டு ஓடியாராத. முடிச்சிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் நான் அங்கேயேதான் இருப்பேன்.

ஹார்லன்